காவல் செல்லுக்கு என்ன கேட்டது?

அக்காள் வீட்டுக் குளியலறையில் குழாய் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் ஒரு விசும்பல். அக்காள் கதவைத் தட்டினாள்.

"ஏய், உள்ள என்ன, குளமா வெட்டுற? வெளிய வா."

தங்கை கண் சிவந்து வெளியே வந்தாள். மூன்றாம் மாதத்தில் அவள் கரு கலைந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

"எல்லாம் என்னாலதான்க்கா. நீதானே சொன்ன? நரம்பு விடுற ஏதோ ஒண்ணு கருப்பைக்குள்ள இருக்கிற, நோயோட சண்டை போடுற காவல் செல்லைக் கிளப்பி விடும்னு. வேலை போயிடுமோன்னு அந்த மாசமெல்லாம் பயந்து செத்தேன். என் பயமே நரம்பைத் தூண்டி என் புள்ளைய அழிச்சிடுச்சு. இனிமே குழந்தையே வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லப்போறேன்."

அக்காள் குழாயை மூடிவிட்டு, தங்கையைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

ஆய்வுக்கூடத்தில், நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகத் திசுக்களைச் சீவுவது அக்காளின் வேலை. சீவல் அத்தனை மெலிசு என்பதால் அங்கே அவளுக்குப் பட்டப்பெயரே 'நூலாம்படை'தான். சாயமேற்றிய கருப்பைத் திசுவில் பச்சையாய் ஒரு நரம்பு நுனி, அதை ஒட்டிச் சிவப்பாய் ஒரு காவல் செல். முதன்முதலாக அதைப் பார்த்த அன்று, இரண்டும் என்னதான் பேசிக்கொள்கின்றன என்ற ஆவலில் அவள் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டாள். அந்த ஆவலைத்தான் சாப்பாட்டு மேசையில் தங்கையிடம் கொட்டியிருந்தாள். அதுவும் பாதியை மட்டும்.

"என் வாயில மண்ணைப் போட! இங்க உக்காரு. நரம்பு விடுறது ஒரே சரக்கு இல்லடி. ஒண்ணு கிளப்பிவிடும், இன்னொண்ணு அடக்கிவைக்கும். அந்த மாதிரி செல்லுங்க சண்டைக்கு மட்டுமா இருக்கு? கரு தங்குற இடத்துல ரத்தக்குழாயை அகலமாக்கவும் ஒத்தாசை பண்ணுது. நீ பயந்ததாலதான் கலைஞ்சதுன்னு நான் சீவின எந்தத் துண்டும் சொல்லல."

"அப்ப ஏன் கலைஞ்சது?"

"தெரியலடி கண்ணு. பல தடவை கரு உருவாகும்போதே கோளாறு இருக்குமாம். டாக்டர் பார்க்கட்டும். நீயே தீர்ப்பு எழுதாதே."

தங்கை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நரம்பும் அந்தச் செல்லும் ஒட்டி இருந்தா, பேசிக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

அக்காள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தெரியாது! பஸ்ல பக்கத்துல உக்கார்ந்தவன் எல்லாம் உன்கிட்ட பேசுறானா என்ன? நரம்பு விடுறதைப் பிடிச்சுக்க அந்தச் செல் மேல கொக்கி மாதிரி ஒண்ணு இருக்கணும். அதைத் தேடிக்கிட்டிருக்கோம்."

"கிடைச்சதுக்கு அப்புறம்?"

"அதால பிடிச்சு அந்தச் செல் என்ன பண்ணுதுன்னு பார்க்கணும்."

"உன் வேலை இந்த ஜென்மத்துல முடியாது!" அழுகையோடு சிரித்துவிட்டாள் தங்கை. கணவனுக்குப் போன் போட்டாள். "கிளம்பிட்டேங்க. நாளைக்கு ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போலாம். கேக்க நிறைய இருக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, அக்காள் கதவைச் சாத்தினாள்.