மஞ்சள் குருணை

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன். எழுதும்போது மட்டும் பழக்க தோஷத்தில் அப்படியே வருகிறது, போகட்டும். இது அவரைப் பற்றியதும் இல்லை, என் அக்காவைப் பற்றியது.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். ஒரு தையல் விட்டுப்போன சட்டையைக்கூடத் தூக்கித் தனியே போட்டுவிடுவாள். தைக்கிறவர்கள் அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தக் கம்பெனி மூடியபிறகு வீட்டோடு இருந்தவளை மறுபடி வேலைக்கு இழுத்தது கடல்தான்.

கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகள் விழுந்து, எங்கள் கடற்கரை முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. ஒவ்வொன்றும் பருப்பு அளவுதான். வாளி, குடம், பைப் எல்லாம் இதை உருக்கித்தான் செய்கிறார்களாம். நாங்கள் குருணை என்போம். அதை அள்ள ஆள் எடுத்தபோது அக்காவும் நானும் சேர்ந்தோம். மணலை வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் மணல் அடியில் தங்கும், குருணை மிதக்கும். அதைச் சல்லடையால் அள்ளி மூட்டையில் போட வேண்டும். கேட்கச் சுலபம். குனிந்து செய்து பாருங்கள், இடுப்பு பேசும்.

ஆளுக்கு ஒரு துண்டு கடற்கரை. அக்காவுக்கு வாய்த்தது கால்வாய் வந்து கடலில் சேரும் இடம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்வாள். ஆனால் ஒரு மழை பெய்தால் போதும், மறுநாள் அவள் இடத்தில் மட்டும் குருணை குவிந்து கிடக்கும்.

சூப்பர்வைசர் முதலில் முனகினார். பிறகு எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஏம்மா, நீ நிஜமாவே அள்ளுறியா, இல்ல மேல மணலைப் போட்டு மூடிட்டுப் போறியா?"

அதோடு வேலைத் திருடி என்று பெயர் விழுந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் நிறுத்திவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். வேலை போவதைவிடப் பெயர் போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொல்லி அழுவாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே, "விடு, கடல் கொண்டாந்து போடுது. அதுக்கு நீ என்ன பண்ணுவே?" என்பார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நானே நினைத்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா ஒன்றைக் கவனித்திருந்தாள். மழைக்குப் பிறகு வருவது மஞ்சள். வெள்ளைக் குருணையும் வெயிலில் கிடந்தால் மஞ்சளாகும், ஆனால் அது கறை பிடித்த பல் மாதிரி மங்கலாக இருக்கும். இது புத்தம் புதுசு. "இது கப்பல்ல வந்தது இல்லடி," என்றாள். எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

ஒரு மழை நாள், எங்களுக்கு வேலை இல்லை. மாமா சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அவருக்குப் பிளாஸ்டிக் கம்பெனியில் மூட்டை இறக்கும் வேலை. மூட்டையில் என்ன என்று நாங்கள் கேட்டதே இல்லை. டப்பாவைக் கொடுக்க அக்கா கிளம்ப, நானும் கூடப் போனேன். பின்பக்க கேட் திறந்திருந்தது. கிழிந்த மூட்டைகளிலிருந்து கொட்டிய குருணை வாசலெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. மாமா ஹோஸ் பைப்பால் தண்ணீரைப் பீய்ச்சி, அத்தனையையும் கேட்டை ஒட்டி ஓடும் அதே கால்வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார். மழை நாளில்தான் கழுவுவார்களாம். அன்றைக்குத்தான் கால்வாயில் ஓட்டம் இருக்கும். எங்களைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சூப்பர்வைசர்கிட்ட வந்து, இது எங்க கம்பெனியில இருந்து வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் மேல தப்பில்லன்னு தெரியட்டும்."

"சொன்னா என் வேலை போயிடும்."

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதானா என் தலையைத் தடவினீங்க?"

"நான் கழுவி விட்டாத்தானே உனக்கு அள்ளுறதுக்கு இருக்கும்?" என்று சிரித்தார். தமாஷாம்.

மறுநாள் குவியலைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வேகமாக வந்தார். அக்கா கால்வாயைச் சொன்னாள், கம்பெனியைச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் அங்கதான் வேலை செய்றார். அவரையே கேளுங்க," என்றாள். நேராகக் கேட்டால் மனுஷன் மாற்றிப் பேசமாட்டார் என்று அவ்வளவு நம்பிக்கை. சூப்பர்வைசர் போனை ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம்.

"எங்க கம்பெனியில இருந்து ஒண்ணும் வராதுங்க," என்றது மாமாவின் குரல். "அவளுக்குக் கண்ணு சரியில்லைங்க. வீட்டுல அரிசியில கிடக்கிற கல்லே தெரியாது. வெயில்ல மஞ்சளானதைப் பார்த்துட்டு எதையோ சொல்றா. பாவம், வேலையை விட்டு எடுத்துடாதீங்க."

யாரோ சிரித்தார்கள். நான் போனைப் பிடுங்கப் போனேன். எங்கள் அக்காவுக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று கத்தினேன். "கூடப் பிறந்தவ, நீ வேற எப்படிப் பேசுவே?" என்றார் சூப்பர்வைசர். அவர் முகத்தில் கோபம் போய் இரக்கம் வந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது அதைப் பார்த்துத்தான். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்று அவளை மூட்டை கட்டும் இடத்துக்கு மாற்றினார்.

மாமா சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "பார்த்தியா, ரெண்டு பேர் வேலையும் தப்பிச்சிடுச்சு," என்றார்.

"திருடின்னு சொன்னப்போகூட என்கிட்ட பதில் இருந்துது," என்றாள் அக்கா. "இப்ப நான் எதைச் சொன்னாலும் எவன் நம்புவான்?"

அதற்கப்புறம் அவள் அவரோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள், அவ்வளவுதான்.

அடுத்த மழைக்கும் மஞ்சள் வந்தது. அக்காவின் இடத்தில் இப்போது வேறொரு பெண். சூப்பர்வைசர் அவளைப் பார்த்து முனக ஆரம்பித்திருந்தார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. கட்டிக்கொண்டிருந்த மூட்டையை விட்டுவிட்டு அவளிடம் போனாள்.

"இது கால்வாய் வழியா வருதும்மா. உன் மேல தப்பில்ல."

அந்தப் பெண் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "சரிக்கா, சரிக்கா," என்று அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க பள்ளமா இருக்கு, மெதுவா கால வைங்க," என்று சொல்லிக்கொண்டே, மூட்டை இருந்த இடம்வரை அவளை நடத்திக் கூட்டி வந்து விட்டாள்.