கீழேயே படுத்திருந்த முள்

என் கணவரைச் சாகடிக்கப் பார்த்த ஆள் இன்றைக்கும் ராபர்ட்சன்பேட்டையில் கடை திறந்து உட்கார்ந்திருக்கிறார். கார் மெக்கானிக். பெயரை எழுத மாட்டேன். படித்தால் அவருக்கே தெரியும்.

நடந்தது போன வருடம், கோடை தொடங்கிய சமயம். நாங்கள் ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறோம். என் கணவர் சுரங்கம் மூடும் வரை அடியில் வேலை பார்த்தவர். கல் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது. முடியாத நாட்களில் ஆக்சிஜன் வைத்துத்தான் மூச்சு. கோலார் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டும். சிலிண்டரோடு பஸ் ஏற முடியாது என்பதற்காகவே ஒரு பழைய கார் வாங்கினோம். ஓட்டுவது நான்தான்.

அந்தக் கார் சூடாகும். மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. மேடு ஏறினால் போதும், டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும், ஊற்றுவேன். எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் நினைத்த நாளில் வராது. வருகிற நாளில் டிரம்மில் பிடித்து வைத்து, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எடுப்போம். அதைக் காருக்கு ஊற்றினால் லைனே திட்டும். காருக்கு போர்வெல் உப்புத் தண்ணீர்தான். மெக்கானிக் கடை வாசலில் இருந்த டிரம்மிலும் அதேதான். தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றவா என்று நான் கேட்டதற்கு, பழைய வண்டிக்கு அதெல்லாம் வேண்டாம் என்றவரும் அவர்தான்.

திரும்பத் திரும்ப அவரிடம் போனேன். ஒரு தடவை ரேடியேட்டர் மூடியை மாற்றினார். அடுத்த தடவை ஒரு ஹோஸை மாற்றினார். அப்புறம் நான் ஓட்டுவதே சரியில்லை என்று ஆரம்பித்தார். "லேடீஸ் கிளட்ச் மேல கால வெச்சிக்கினே ஓட்டுவாங்கக்கா. சூடாகாம வண்டி இன்னா பண்ணும்?" கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. மறுபடியும் போய் நின்றேன். அன்றைக்கு மதியம் வரை வண்டியை வைத்திருந்து கொடுத்தார். அதன் பிறகு முள் ஏறவே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதிரசம் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு நாள் காலையில் கணவருக்கு மூச்சு ரொம்ப இழுத்தது. சின்ன சிலிண்டரை வைத்துக்கொண்டு கிளம்பினோம். கோலார் போகிற வரைக்கும்தான் அது தாங்கும். பங்காருப்பேட்டை தாண்டியதும், ஏதோ வேகிற வாசனை வருகிறது என்றார். நான் முள்ளைப் பார்த்தேன். கீழேயே படுத்திருந்தது.

"முள்ளு கீழதான் கீது. நீங்க பேசாம மூச்ச விடுங்க" என்று அதட்டினேன்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். பானெட் ஓரமெல்லாம் ஆவி கிளம்பி வண்டி உதறி நின்றது. இறங்கி பானெட்டைத் தூக்கினேன். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைப் பிடித்தேன். பின்னால் வந்த தக்காளி டெம்போ ஒன்று நின்றது. டிரைவர் ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டார். "தொடாதீங்கக்கா. மூஞ்சி வெந்து பூடும்." உள்ளே என் கணவரைப் பார்த்தவர் வேறெதுவும் கேட்கவில்லை. டெம்போவில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா தானே இறங்கி, என் காருக்குக் காவலாக ரோட்டோரம் நின்றுகொண்டார். அவருடைய இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். தக்காளி மண்டியில் ஏலத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும். அந்த மனிதர் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்குத்தான் விட்டார். அங்கே இறங்கும்போது சிலிண்டர் கிட்டத்தட்ட காலி.

கணவர் பிழைத்தார். காரை பங்காருப்பேட்டையில் வேறொரு மெக்கானிக்கிடம் இழுத்துப் போனோம். அவர் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்துவிட்டு என்னையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் சுட்டது. கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தது. தண்ணீர் ரேடியேட்டரைக் கடந்து வரவே இல்லை. பிரித்தபோது உள்ளே வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிற மாதிரி வெள்ளையாக உப்பு அடைத்திருந்தது. அப்புறம் முள்ளுக்குப் போகிற ஒயரைக் காட்டினார். கழற்றி, முனையில் அழகாக டேப் சுற்றி, ஓரமாகச் சொருகியிருந்தது.

"தானா கழண்ட ஒயருக்கு யாருக்கா டேப்பு சுத்துவாங்க?" என்றார்.

ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்க் கேட்டேன். அந்த ஆள் மழுப்பவில்லை. "முள்ளு ஏறுது ஏறுதுன்னு நிம்மதியில்லாம சுத்திக்கினு இருந்தீங்களே அக்கா. உங்க நிம்மதிக்குத்தான் செஞ்சேன்."

 

உப்புத் தண்ணீருக்காக நான் யாரையும் திட்ட மாட்டேன். தண்ணீர் இல்லாத ஊரில் மனிதர் குடித்த பிறகுதான் வண்டிக்கு. அந்த முறை தப்பென்று சொல்ல இன்றும் எனக்கு மனம் வரவில்லை. இப்போது கூலன்ட் வாங்கி ஊற்றுகிறேன், அவ்வளவுதான். ஒயர் விஷயம் அப்படியில்லை. ரேடியேட்டர் அடைத்திருப்பது தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் வேறு கடைக்குப் போயிருப்பேன். என் வாயை அடைப்பதற்கு அவருக்குக் கிடைத்த வழி, முள்ளின் வாயை அடைப்பது.

என் கணவரும் டாக்டர் கேட்டால் "பரவால்ல" என்றுதான் சொல்வார். அன்றிலிருந்து அந்தப் பதிலை நான் ஒத்துக்கொள்வதில்லை. ராத்திரி எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தார் என்று பக்கத்தில் நின்று நானே சொல்கிறேன். அவருக்குக் கோபம் வரும், வரட்டும். காரை எடுத்தாலும் முள் மெல்ல ஏறி நடுவில் வந்து நிற்கிற வரை எனக்கு மனசு ஆறாது. அசையாத முள்ளைக் கண்டால்தான் இப்போது எனக்குப் பயம்.

கடைக்காரரே, இதே பத்திரிகையில், ஊர் முழுக்கப் படிக்கும்படி ஒரு பதில் எழுதுங்கள். உங்கள் கடைக்கு வந்து போன வண்டிகளில், இன்னும் யார் யாருடைய நிம்மதிக்காக ஒயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருக்கிறீர்கள்?