மேல்காட்டு ரோட்டில் குழி தேடிய கதை

1. குழியைக் காணோம்

மாவட்ட வன அதிகாரியான டி.எஃப்.ஓ.வின் ஜீப் ஒரு குலுங்கல்கூட இல்லாமல் சித்தேரி மலையில் ஏறியபோது நான் ரோட்டில் குழி தேடிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் வனத்துறையில் ரோடு ஓவர்சியர். மேல்காடு என்ற மலையூருக்குப் போகும் காட்டு ரோட்டுக்கு ஸ்பெஷல் ரிப்பேர் கிராண்ட் கேட்டு எஸ்டிமேட் போட்டிருந்தேன். மழைக்காலத்தில் அதில் வண்டி ஏறாது. வலி கண்ட பெண்களைத் தூளி கட்டித்தான் இறக்குவார்கள். ஊர்க்கவுண்டரின் மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். பிரசவம் ஐப்பசி அடைமழையில்.

"எங்கய்யா குழி?" என்றார் டி.எஃப்.ஓ. "நம்ம ஆபீஸ் வாசலே இதைவிட மோசமா இருக்கு. பணத்தை வேற ரோட்டுக்குப் போடலாம்."

ஊருக்குப் போனதும் விஷயம் தெரிந்தது. பெரிய மனிதர் வந்தால் வழியைச் செப்பனிட்டு வைப்பது அவர்கள் வழக்கம். ஆபீசர் வருகிறார் என்று வாய் நிறையச் சொல்லி வைத்தவன் நான்தான். வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து, குழிகளை மண்ணால் மூடி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்திருக்கிறார்கள்.

கவுண்டரைத் தனியாக அழைத்தேன். "குழியக் காட்டத்தானே அவரக் கூட்டியாந்தேன்?"

"வர்றவங்களுக்குக் குழியக் காட்டுவாங்களாங்க? நம்ம வூட்டுக்கு வர்றவங்க இடுப்பு ஒடியலாமுங்களா?"

கோபப்படத்தான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்பட முடியவில்லை.

2. சொல்லாமல் போனது

பங்குனிக்குள் புளி வண்டிகள் ஏறி இறங்கி அந்த மண்ணை மாவாக்கிவிட்டன. மார்ச் முடிந்தால் கிராண்ட் லாப்ஸ் ஆகி, பணம் திரும்பிப் போய்விடும். டி.எஃப்.ஓ.விடம் கெஞ்சிக் கூத்தாடி மறுபடியும் கூட்டிப் போனேன். இந்த முறை ஊரில் மூச்சு விடவில்லை.

பாதி வழியில் ஜீப் ஒரு பள்ளத்தில் சாய்ந்து நின்றுவிட்டது. டி.எஃப்.ஓ. தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு, "போன தடவை வந்தது இதே ரோடுதானா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஊரே இறங்கி வந்து ஜீப்பைத் தூக்கிவிட்டது. அங்கேயே கிராண்டுக்குச் சரி சொல்லிவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கவுண்டரோ என் முகத்தையே பார்க்கவில்லை.

"சொல்லாம கூட்டியாந்து எங்க மானத்த வாங்கிட்டீங்களேங்க."

கப்பிக்கல் போட்டு, ஓடையில் கல்வெர்ட் பாலம் கட்டி முடிக்கும்வரை அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஐப்பசியில், கொட்டும் மழையில், எங்கள் ஜீப் மேல்காடு ஏறி அவர் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது. பேத்தி பிறந்தாள்.

குழந்தையோடு ஊர் திரும்பும் அன்று என்னையும் வரச் சொன்னார். ஊர் எல்லையிலிருந்து ரோட்டில் ஒரு சருகு இல்லாமல் பெருக்கி வைத்திருந்தார்கள்.

"ரோடுதான் நல்லா இருக்கே, இது எதுக்கு?" என்றேன்.

"நீங்க வர்றீங்கன்னு சொல்லியனுப்பிட்டேனுங்க."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: குழி பார்க்கப் போகும்போது சொல்லாமல் போங்கள். ரோடு போட்டு முடித்த பிறகு சொல்லிவிட்டுப் போங்கள்.