எந்தக் கார்டு?

பழைய கிரிக்கெட் கார்டுகளைச் சேர்க்கிறவர்களுக்கென்று இப்போது கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. நானும் அதில் இருக்கிறேன். 'வின்டேஜ்' என்ற சொல்லைப் பொங்கலில் முந்திரி போலத் தூவித்தான் அங்கே பேசுவார்கள். அவ்வப்போது யாராவது ஒருவர், 'உங்களுக்கு இந்தப் பழக்கம் எப்படி ஆரம்பித்தது?' என்று கேட்டு வைப்பார். உடனே வரிசை கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். மாமா வாங்கித் தந்தார், பரணில் கிடைத்தது, முதல் நண்பனோடு மாற்றிக்கொண்டது. எல்லாம் உருக்கமாகத்தான் இருக்கும். எனக்கு மட்டும் ஒவ்வொன்றையும் படிக்கும்போது, இது உண்மையிலேயே இவருடைய கதைதானா, இல்லை வேறு எவனிடமாவது எடுத்துக்கொண்டதா என்று தோன்றும். கெட்ட புத்திதான். அது எனக்கு ஓசூரில் வந்தது.

அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பெர்மனென்ட் ஆனவர். பின்னாலேயே அவருடைய தம்பி, என் சித்தப்பா, வந்து எங்கள் வீட்டில் தங்கி அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தார். பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீடு. ஒரு ரூம், ஒரு சமையலறை, அதில் நாங்கள் நான்கு பேர். கம்பெனியில் அப்பாவுக்குப் பச்சைக் கார்டு, சித்தப்பாவுக்கு மஞ்சள் கார்டு. கேட்டில் அதைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் லைனில் யாரைப் பற்றிப் பேசினாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். 'மாப்பிள்ளைக்குக் கார்டு மாறிடுச்சா?' என்றால், மஞ்சள் போய்ப் பச்சை வந்துவிட்டதா என்று பொருள். சாத்தூரில் சித்தப்பாவுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டாரும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கார்டு மாறினால் கல்யாணம்.

சித்தப்பாவிடம் வேறு கார்டுகளும் இருந்தன. ஒரு பிஸ்கட் டின் நிறைய. அவர் சிறுவனாக இருந்தபோது சூயிங்கம்மோடு வந்த கிரிக்கெட் வீரர்களின் படங்கள். அவை அவரிடம் சேர்ந்த கதையை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்காது. அவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் உப்பிப்போய்ப் படுத்துக் கிடந்தாராம். அப்போது அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன். தம்பிக்கு ஆசையாக இருக்குமே என்று தினமும் வேலை முடிந்து வரும்போது ஒரு சூயிங்கம் வாங்கி வருவாராம். தாடையை அசைக்க முடியாதவனுக்குச் சூயிங்கம்! எங்கள் அப்பாவின் விவரம் அப்போதே அப்படித்தான். மெல்ல முடியாத சித்தப்பா கம்மை எல்லாம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கார்டுகளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். மற்ற பையன்கள் கார்டுகளைக் கடையில் கொடுத்துப் பரிசு வாங்கித் தொலைத்தார்கள். இவர் ஒன்றைக்கூட விடவில்லை.

அந்த டின்னில் ராஜா ஒன்று உண்டு. வலது கையால் ஆடும் ஒரு மட்டையாளரின் படத்தை அச்சில் திருப்பிப் போட்டுவிட்டார்கள். ஆள் இடது கையால் ஆடுவது போல நிற்பார். மட்டையில் உள்ள எழுத்தைக் கண்ணாடி முன்னால் காட்டினால்தான் படிக்க முடியும். சித்தப்பா ஷிப்டு முடிந்து வந்து கை கழுவி, துண்டில் துடைத்து, ஈரம் போய்விட்டதா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் அதை எடுப்பார். அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நானும் அவரும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பெண்பிள்ளைக்குக் கிரிக்கெட் எதற்கு என்று அம்மா முணுமுணுப்பாள். சிப்ஸ் பாக்கெட்டில் வந்த புதுக் கார்டுகளை நான் சேர்க்க ஆரம்பித்தது அப்போதுதான். ஓரம் மடங்கிவிட்டால் கார்டு செத்துவிட்டது என்பார் சித்தப்பா.

கம்பெனியின் ஹெச்.ஆர். சாருக்கும் இதே பைத்தியம் என்று ஒரு நாள் அப்பா வந்து சொன்னார். பெங்களூரிலிருந்து தினமும் காரில் வருகிறவர். லீவு விஷயமாக அவர் அறைக்குப் போன அப்பா, மேஜைமேல் பழைய கிரிக்கெட் கார்டு ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்ததைப் பார்த்திருக்கிறார். பெருமை தாங்காமல், என் தம்பியிடம் இதுபோல ஒரு டின்னே இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்றது. வாசலில் காயப்போட்டிருந்த துணிகளை அம்மா அவசர அவசரமாக எடுத்தாள். எதிர் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியை இரவல் வாங்கினோம்.

அவர் வருவதற்கு முன்னால் நடந்தது ஒன்று உண்டு. சித்தப்பா அந்தத் திருப்பிப் போட்ட கார்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்பா பார்த்துவிட்டார்.

"எலேய், ஒண்ண ஒளிச்சு வச்சோம்னு தெரிஞ்சா காரியமே கெட்டுரும்ல. எடு, எடுத்து உள்ள வையி."

சித்தப்பா எடுத்து வைத்தார். கையைத் துடைக்காமல் அவர் அதைத் தொட்டது அன்று ஒரு தடவைதான்.

வந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அம்மாவின் காப்பியைப் பாராட்டினார், என் சிப்ஸ் கார்டுகளைக்கூட வாங்கிப் பார்த்தார். இதெல்லாம் எப்படிச் சேர்ந்தது என்று அவர் கேட்க, சித்தப்பா உற்சாகமாகிவிட்டார். பொன்னுக்கு வீங்கிக்குக் கன்னடத்தில் என்னவென்று தெரியாமல் இரண்டு கன்னத்தையும் உப்பிக் காட்டி, கண்ணைச் செருகிக்கொண்டு படுத்துக் கிடப்பது போல் தலையைச் சாய்த்தார். அப்பா பக்கத்திலிருந்து, 'மங்கனபாவு சார்' என்று எடுத்துக் கொடுத்தார். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வரும்போது வாங்கி வருவார் என்று சித்தப்பா அப்பாவைக் கைகாட்ட, அப்பா வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார். திருப்பிப் போட்ட கார்டு கைக்கு வந்ததும் அந்த மனிதரின் சிரிப்பு நின்றுவிட்டது. வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

எழுந்து போகும்போது டின்னைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சித்தப்பாவின் தோளைத் தட்டினார்.

"யோச்னெ மாடபேடி. நிம் கார்டு நானு நோட்கோத்தீனி."

கவலைப்படாதீர்கள், உங்கள் கார்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். கார் தெருமுனை திரும்புவதற்குள் அப்பா தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"எந்தக் கார்டச் சொல்றாருண்ணே?" என்றார் சித்தப்பா.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்! ஹெச்.ஆர். வாயில வேற எந்தக் கார்டுடா வரும்?"

அன்றைக்கே சாத்தூருக்குப் போன் போட்டாகிவிட்டது. கார்டு மாறப்போகிறது, பெரிய இடத்திலேயே சொல்லிவிட்டார்கள் என்று அப்பா எஸ்.டி.டி. பூத்தில் தெருவுக்கே கேட்கும்படி பேசினார். பெண் வீட்டில் தை மாதத்துக்கு மண்டபம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். சித்தப்பா ஷிப்டு முடிந்து வந்ததும் வழக்கம்போலக் கை கழுவித் துண்டில் துடைத்துக்கொள்வார். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். டின் எப்போ திரும்பி வரும் என்று நான் கேட்டால், "வரும்டா பாப்பா, பாத்துட்டுக் குடுப்பாரு" என்பார்.

மார்கழியில் ஒரு நாள் பகலிலேயே சித்தப்பா வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். அம்மா எதிர் வீட்டு அக்காவிடம் தாழ்ந்த குரலில், "கொழுந்தனாரு கார்ட வாங்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அதான் அன்னைக்கே வாங்கிட்டுப் போய்ட்டாங்களேம்மா" என்று நான் நடுவில் புகுந்து விளக்கினேன். அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கிவிட்டு, அடிக்காமல் உள்ளே போய்விட்டாள். கான்ட்ராக்ட் ஆட்கள் பெர்மனென்ட் கேட்டுவிடக் கூடாதென்று நடுவில் கார்டைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்புவதற்குக் கம்பெனியில் 'பிரேக்' என்று பெயர். கொஞ்ச நாளில் திரும்பக் கூப்பிடுவதும் உண்டு, கூப்பிடாமலே விடுவதும் உண்டு. சித்தப்பாவைக் கூப்பிடவில்லை.

ஹெச்.ஆர். சாரைப் பார்த்துக் கேட்கலாம் என்று சித்தப்பா கம்பெனிக்குப் போனார். கேட்டில் இருந்தவன் கார்டு எங்கே என்றான். கார்டைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேன் என்றால், கார்டு இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்றான். அதற்குப் பிறகும் சில நாட்கள் சாலையோரம் நின்று பார்த்தார். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கேட்கக்கூடியவர் அப்பா ஒருவர்தான். பச்சைக் கார்டுக்காரர், தினமும் உள்ளே போகிறவர். "நேரம் பாத்துத்தான் கேக்கணும், எடுத்தோம் கவுத்தோம்னு கேக்க முடியாது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த நேரம் அமையவே இல்லை. தை வந்தது. பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். சித்தப்பா பெங்களூரில் ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் காவல் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது அண்ணனிடம் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போட்டிருந்தால் அப்பாவுக்கு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்கு அடுத்து வந்த ஆயுத பூஜைக்கு அப்பா என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். அன்று ஒரு நாள் பெர்மனென்ட் ஆட்களின் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். மிஷின்களுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். பெர்மனென்ட்டுக்கு ஸ்வீட் பெட்டி, கான்ட்ராக்டுக்குப் பொரிப் பொட்டலம். எல்லோரும் ஒவ்வொரு ஆபீசர் அறையாகப் போய் வணக்கம் சொல்லிவிட்டு வந்தார்கள். நாங்களும் போனோம்.

ஹெச்.ஆர். சாரின் அறைச் சுவரில் பெரிய சட்டம் ஒன்று மாட்டியிருந்தது. உள்ளே வரிசையாகக் கார்டுகள், பெயர்களை எனக்குப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு முகமும் எங்கள் வீட்டு முகம். நடுவில், வெல்வெட் துணியின்மேல், இடது கையால் மட்டை பிடித்துக்கொண்டு அந்தத் திருப்பிப் போட்ட மட்டையாளர் நின்றார். சட்டத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர், இந்தப் பழக்கம் எப்படி ஆரம்பித்தது என்று கேட்டார்.

ஹெச்.ஆர். சார் கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் எனக்கும் பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளிடம் பழகிக் கன்னடம் ஓரளவு புரியும். புரியாவிட்டாலும் குறையில்லை. சிறு வயதில் மங்கனபாவு வந்தது என்று அவர் இரண்டு கன்னத்தையும் உப்பினார். கண்ணைச் செருகினார். தலையைச் சாய்த்தார். சித்தப்பா சாய்த்த அதே பக்கம். 'நம் அண்ணா ஆபீஸ்னல்லி கெல்சா மாட்தா இத்ரு' என்றார், எங்கள் அண்ணன் ஆபீசில் வேலை பார்த்தார் என்று. தீப்பெட்டி ஆபீஸ் என்றால் தீக்குச்சி அடுக்குகிற இடம் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆபீஸ் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு குச்சி அடுக்கின என் அப்பாவை மேஜை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். ஆபீசிலிருந்து வரும்போதெல்லாம் அண்ணன் தம்பிக்கு ஒரு சூயிங்கம் வாங்கி வருவாராம். பாவம், மெல்ல முடியாத தம்பி! விருந்தாளிகள் உருகிப்போனார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, அந்த மனிதரைப் பார்த்து,

"ஒள்ளே அண்ணா, சார்" என்றார்.

நல்ல அண்ணன்.

ஹெச்.ஆர். சார் அப்போதுதான் எங்களைக் கவனித்தார். ஒரு கணம் அவர் முகம் என்னவோ ஆயிற்று. உடனே சிரித்து, "ஹௌது, ஹௌது" என்று ஆமாம் போட்டு என் கையில் ஒரு சாக்லெட்டைத் திணித்தார்.

வீட்டுக்கு மொபெட்டில் திரும்பினோம். அந்த ஆளுக்கு அப்பா இப்படிக் காக்காய் பிடிக்கிறாரே என்று எனக்கு அழுகையாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது, அப்பாவுக்கு விஷயமே புரியவில்லை! அந்த ஆள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். பின்னாலிருந்து அவர் காதருகே எம்பி, காற்றுக்கு மேல் கத்தி, முதலிலிருந்து விளக்கினேன். அது சித்தப்பாவோட கார்டு. கன்னம் வீங்கினது சித்தப்பாவுக்கு. அந்த ஆளுக்கு ஒன்றும் வீங்கவில்லை. சூயிங்கம் வாங்கிக்கொண்டு வந்தது அந்த ஆளுடைய அண்ணன் இல்லை, நீங்கள்தான்.

"அப்படியா தாயி?" என்றார் அப்பா.

"ஆமாப்பா! நீங்கதான்!"

"நானா?"

இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னேன். வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த கம்பெனி பஸ் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயிற்று. அப்பா ஒவ்வொன்றுக்கும் 'அப்படியா', 'அப்படியா' என்று முதல்முறை கேட்கிறவர் போலத் தலையாட்டிக்கொண்டே வந்தார். தன் சொந்தக் கதையைக்கூட அடையாளம் தெரியாத அளவுக்கு அப்பா இவ்வளவு அப்பாவியாக இருக்கிறாரே என்று, வீடு வந்து சேரும்வரை எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது.