ஸ்பீக்கரில் கேட்ட இருமல்

காலை ஐந்து நாற்பது. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நைட்டி. மார்புப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

எதிர் வீட்டு ரேவதி. திருவண்ணாமலை வேங்கிக்காலில் எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். என் வாசலில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குள் இரண்டு மாதக் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்களாச்சும் வந்து சொல்லுங்க. எனக்கு ஜொரம்னு ராத்திரியிலேர்ந்து குழந்தைய தர மாட்டேங்கறாங்க. பால் கட்டிக்கிச்சு... உயிர் போவுது."

கையைத் தொட்டேன். கொதித்தது.

உள்ளே, குழந்தை அவள் நாத்தனார் கலாவின் மடியில். பௌர்ணமி கிரிவலத்துக்காக விழுப்புரத்திலிருந்து வந்தவர். வந்து மூன்று நாள். கையில் பால் புட்டி — பவுடர் பால். குழந்தை வாயை வைக்காமல் முகத்தைத் திருப்பித் திருப்பி அழுதது. ரேவதியின் கணவர் செந்தில் டயபரைத் தொட்டுப் பார்த்தார்.

"ராத்திரி மாத்தினது. இன்னும் காஞ்சே கெடக்கு."

"ஜொரப் பால் குடுத்தா குழந்தைக்கும் ஒட்டிக்கும்ங்க. ரெண்டு பெத்தவ நான், எனக்குத் தெரியாதா?" என்ற கலா, முகத்தைக்கூடத் திருப்பாமல் இருமினார்.

"உங்களுக்கு இருமல் எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"இதுவா? மலை சுத்தற வழியெல்லாம் கற்பூரப் புகை. தொண்டை கமறுது. இருமலாம் இருமல்!"

குழந்தை டாக்டருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில்.

"அம்மாவுக்கு ஃப்ளூவாவே இருந்தாலும் தாய்ப்பால் குடுக்கலாம். பால் வழியா ஃப்ளூ பரவாது. இருமல்லயும் கையிலயும்தான் பரவும். மாஸ்க் போட்டு, சோப்புல கை கழுவிட்டுக் குடுக்கச் சொல்லுங்க. அந்தப் பால்லதான் குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி. ஆறு மாசம் ஆவற வரைக்கும் அதுக்கு ஃப்ளூ தடுப்பூசியும் போட முடியாது... ஒரு நிமிஷம். அங்க இருமறது யாரு?"

கலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"குழந்தை இப்ப யார் கையில இருக்கு?"

"அவங்க கையிலதான் டாக்டர்."

"மொதல்ல வாங்குங்க. பால் குடுத்துட்டு உடனே இங்க கூட்டிட்டு வாங்க. மூச்சு வாங்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க."

செந்தில் கையை நீட்டினார். கலா தரவில்லை.

"அப்ப நான்தான் சீக்கு கொண்டாந்தேனா? சொல்லுடா!"

"அக்கா... குடு."

ரேவதி மாஸ்க் போட்டுக்கொண்டு, கை கழுவி வந்து உட்கார்ந்தாள். குழந்தை மார்பைப் பிடிக்கவில்லை. நழுவியது. அழுதது. மறுபடியும் நழுவியது. செந்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அழுகை நின்றது. விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டில் நோய் என்றால் நாம் முதலில் சந்தேகப்படுவது தாயின் உடம்பை. விருந்தாளியைச் சந்தேகப்பட்டால்? அது மரியாதைக் குறைவு. தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கலாம். இருமுகிறவரிடம் 'தள்ளி உட்காருங்கள்' என்று சொல்லத்தான் நாக்கு எழாது.

டாக்டர் பார்த்தார். குழந்தையின் நெஞ்சில் சளி இல்லை. மூச்சும் சீராக இருந்தது. ரேவதிக்கு மருந்து எழுதினார். கலாவையும் வந்து காட்டச் சொன்னார். அவர் வரவில்லை.

மதியம் கலா விழுப்புரம் பஸ் ஏறினார். அவர் மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனதற்கு வேண்டுதலாம், இந்தக் கிரிவலம் — செந்தில் சொன்னார்.

மகளும் ஒரு மாதக் குழந்தையும் கலா வீட்டில்தான் இருக்கிறார்கள்.