மூன்றாவது பக்கத்துக்குப் போன பிஸ்மில்லாஹ்

இதை எழுதலாமா என்று சில வருடங்களாகத் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குக் கணினிக் கதை எதற்கு என்று சிரிப்பார்களோ என்ற பயம். அல்லாஹ் அறிவான், கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

கல்முனையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் மகளின் அலுவலகம். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று, வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்று அவளை எடுத்திருந்தது. புரோகிராம்களின் பிழையைப் பிடிக்க உதவும் டிபக்கர் என்ற கருவியில் வேலை. அது கணினியின் நினைவகத்தில் ஒரு சொல்லைத் தேடிப் போகும்போது, எதற்கும் ஒதுக்கப்படாத வெற்றிடம் குறுக்கிட்டால் அங்கேயே நின்று, "இல்லை" என்றுவிடுமாம். வெற்றிடத்துக்கு அப்பாலும் தேடும்படி திருத்தி, சோதித்து, நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் அனுப்ப வேண்டும். அதில்தான் அவள் வேலையே தங்கியிருந்தது.

நான் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்தேன்.

"திருத்திட்டன் உம்மா. சோதிக்க நினைவகத்துல மூணு பக்கம் எடுத்து, நடுப்பக்கத்தக் கழட்டி வெற்றிடமாக்கிட்டன். தேடுறதுக்கு ஒரு சொல்லு சொல்லுங்க."

"பிஸ்மில்லாஹ் எண்டு போடு மகள்."

போட்டாள். திரையில் பச்சை வந்தது. "பாஸ் உம்மா!" என்று துள்ளினாள். நானும் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஆனால் மனசு இடறியது.

"அந்தச் சொல்ல எங்க எழுதினாய்?"

"முதல் பக்கத்துலதான், தலைப்புல."

"வாசல்லயே கிடைச்சா அது நடுப்பள்ளத்துக்கு என்னத்துக்குப் போற?"

மகள் வாயில் கை வைத்தாள். கொப்பியோ கடிதமோ, எதற்கும் தலைப்பில் பிஸ்மில்லாஹ் எழுதிப் பழகிய கை. பழக்கியவளும் நான்தான்.

சொல்லை மூன்றாவது பக்கத்துக்கு மாற்றி ஓடவிட்டாள். சிவப்பு! அவளுடைய திருத்தமே பிழை.

"பள்ளம் வந்தா தேடல் ஒரு எட்டுத்தான் எடுத்து வைக்கிது உம்மா. திரும்பவும் பள்ளத்துக்குள்ளதான் நிக்கிது."

"அப்ப முழுசாப் பாய வையன்டி!"

விரல்கள் பறந்தன. என் கை கீரையில், வாய் நபிமேல் ஸலவாத்து ஓதுவதில். பள்ளிவாசலில் பாங்கு தொடங்க முன் திரை பச்சையானது. இந்த முறை மூன்றாவது பக்கத்திலிருந்தே எடுத்துக் காட்டியது. இருவரும் கத்திய சத்தத்தில் கோழிகள் சிதறின.

"அனுப்பிட்டன்! இனி நீங்க கொம்பியூட்டர்ல குந்துங்க, கீரைய நான் பாக்கன்."

"நீ ஆய்ஞ்சா மண்ணோடதான் தின்னணும்."

அந்தக் கிழமையே வேலை நிரந்தரமானது. ஊரில் இப்போது, முதல் தடவையே சரிவந்ததாகக் கதைக்கிறார்கள். அப்படியல்ல. இதை யாரிடம் சொன்னாலும் அந்தப் பொய்ப் பச்சையையும் பிறகு வந்த சிவப்பையும் விட்டுவிடாமல், இருந்தபடியே சொல்லுங்கள்.