லாபம், ரெண்டு, மூணு

அடி அண்ணாமலையில் நான் பால்வாடி டீச்சராக இருந்த வருடங்களில், எங்களுக்குக் கொடுத்திருந்த விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் பீரோவுக்குள்தான் இருந்தன. வண்ண மணிகள், மரக்கட்டைகள், எண் அட்டைகள். ஒரு மணி தொலைந்தால்கூட, இருப்பைச் சரிபார்க்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மூலமாகத்தான் கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்று பயிற்சியில் தொண்டை வறளப் பேசினவர்களேதான், கிளம்பும்போது சாமான் பத்திரம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு வந்த எரிச்சலில் பீரோவைப் பூட்டிவிட்டு, புளியங்கொட்டையும் கொட்டாங்குச்சியும் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லி ஆயாவை அனுப்பினேன்.

அதுவே போதுமாக இருந்தது. கைக்குள் கொட்டைகளை மூடிக்கொண்டு "ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்பேன். ஆளுக்கொன்று கத்துவார்கள். கையைத் திறந்து ஜோடி ஜோடியாக அடுக்கினால், சில சமயம் கடைசியில் ஒரு கொட்டை துணையில்லாமல் நிற்கும். "ஐயோ, பாவம் டீச்சர்" என்பார்கள். ஒற்றைப்படை என்றால் என்ன என்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருந்ததில்லை. சத்துமாவு உருண்டையைப் பங்கு போடும்போது பார்க்க வேண்டும், பெரிய ஆடிட்டர் மாதிரி ஒவ்வொன்றும் எட்டிப் பார்க்கும்.

அந்தப் பெண் குழந்தை வந்தபோது அதற்கு நாலு வயது ஆகியிருக்கவில்லை. அப்பா சமீபத்தில்தான் போயிருந்தார். மஞ்சள் காமாலைக்கு ஊரிலேயே மருந்து கட்டிப் பார்த்து, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன போது நேரம் கடந்துவிட்டது. அறுப்புக் காலத்தில் களம் களமாகப் போய் நெல் அளப்பதுதான் அவருடைய வேலை. அம்மா, செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் அறை கூட்டப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் குழந்தையை விட்டுவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவாள்.

குழந்தை யாரோடும் பேசவில்லை. ஒத்தையா ரெட்டையாவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. ஒரு நாள் மணலைக் குவித்து, கொட்டாங்குச்சியைக் கையில் கொடுத்து, நெல் மண்டி ஆட்டம் ஆடலாம் என்றேன். சட்டென்று முன்னால் வந்து ஒரு காலை மடித்து உட்கார்ந்தது. மணலை மொண்டு, மேலே குவிந்ததைத் தட்டிச் சமன் செய்து கொட்டியது. "லாபம்… லாபம்… லாபம்…" என்று ஒரு ராகமாக இழுத்தது. அடுத்த கொட்டாங்குச்சி நிறைந்து கவிழ்ந்த பிறகுதான் "ரெண்டு… ரெண்டு… ரெண்டு…"

நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்குவார்கள், மங்கலமாக இருக்கட்டும் என்று. எண்ணிக்கை தவறாமலிருக்க, அடுத்த மரக்கால் விழும்வரை அதே எண்ணை விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அப்பாவின் மடியோரம் களத்தில் உட்கார்ந்து கேட்டதைக் குழந்தை அப்படியே பிடித்துவைத்திருந்தது, கனத்த குரல் முதற்கொண்டு. வாசலில் நின்றிருந்த ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் கணக்கு டீச்சராகவும் எனக்கு ஒன்று தெரிந்தது. மற்றப் பிள்ளைகள் கொட்டையை எண்ணினால் வாய் ஒரு பக்கம் ஓடும், விரல் ஒரு பக்கம் ஓடும். இந்தக் குழந்தையின் கையும் வாயும் பிரிந்ததே இல்லை. ஒரு கொட்டைக்கு ஒரு சொல். கடைசியாகச் சொன்னதுதான் மொத்தம் என்பது அதற்குத் தெரியும். இரண்டைக் கூட்டவும், மூன்றை எடுக்கவும் மணலிலேயே பழகிக்கொண்டது. ஒன்றுக்கு மட்டும் அதனிடம் வேறு பெயர். அதை நான் மாற்றப் போகவில்லை.

அதற்குள் ஊர் மாறிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, வேங்கிக்கால் பக்கம் ஆபீஸ்காரர்கள் வீடு கட்டி வர, அவர்கள் பின்னாலேயே இங்கிலீஷ் நர்சரிகளும் வந்தன. எங்கள் பால்வாடியில் பிள்ளைகள் கம்மியானார்கள். அந்தக் குழந்தையின் அம்மாவும் ஒரு நாள் வந்து நின்றாள். விடுதிக்கார அம்மா ஒரு நர்சரியில் சொல்லிவைத்திருக்கிறாராம். குழந்தையிடம் ஏதோ கேட்பார்களாம், துணைக்கு நான் வர வேண்டுமாம்.

"நல்லாத்தானே கத்துக்கினு இருக்குது, இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்கட்டுமே" என்றேன்.

"மண்ணுல வெளையாடிக்கினு இருந்தா போதுமா டீச்சர்? எனக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு அவங்க பாத்ரூமைக் கழுவிக்கினு இருக்கப்போறேன்? இவளும் கழுவணுமா?"

கூடப் போனேன்.

நர்சரியில் ஒரு மிஸ், தட்டில் பிளாஸ்டிக் மணிகளைப் போட்டு எண்ணச் சொன்னார். குழந்தை ஒரு மணியை எடுத்து மேஜைமேல் வைத்து, "லாபம்… லாபம்…" என்றது. மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்.

"என்னம்மா, உங்க பொண்ணு கடை வச்சிருக்குதா? ஒன் எங்க பாப்பா?"

குழந்தை மேஜைமேல் இருந்த மணியைக் காட்டியது. "இதான் லாபம்."

நான் மரக்கால், களம் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கதவைப் பார்த்தார். ஒன்னிலிருந்து ஹண்ட்ரட் வரை சொல்லப் பழக்கி அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு வந்தால், சீட்டைப் பற்றிப் பார்க்கலாம் என்றார். வெளியே வந்ததும் குழந்தையின் கையில் சுள்ளென்று ஓர் அடி விழுந்தது. "மானத்தை வாங்கிட்டியேடி!" அந்த அம்மா குழந்தையை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எல்லாம் அந்தத் தட்டின்மேலும் மணிகளின்மேலும்தான் வந்தது.

அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் பாடம் நடந்தது. அடுப்படியில் அம்மா கையில் கரண்டிக் காம்பு, எதிரில் குழந்தை. லாபம் என்று வாய் எடுத்தால் புறங்கையில் ஓர் அடி. அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த எங்கள் ஆயா வந்து சொல்வாள். நான் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "சீட்டு கெடைக்கட்டும் டீச்சர், அப்புறம் நான் ஏன் அடிக்கப்போறேன்" என்று அழுதாள். சீட்டு கிடைத்தது. ஜூன் மாதம் டை கட்டி, ஷூ போட்டு, பால்வாடி வாசல் வழியாகக் குழந்தை நடந்து போயிற்று. உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு சில மாதம் கழித்து அதன் அப்பாவுக்கு வருஷ தெவசம் வந்தது. அம்மா என்னையும் வரச் சொல்லியிருந்தாள். படையலுக்குச் சமைக்க, கூடத்தில் முறத்தை வைத்து அரிசி அளக்க உட்கார்ந்தவள், என்ன நினைத்தாளோ, படியைக் குழந்தையிடம் நீட்டினாள்.

"அப்பாவுக்குடி. நீயே அள."

குழந்தை படியை வாங்கியது. "ஒன் டூ த்ரீ ஃபோர் ஃபைவ்" என்று மூச்சு விடாமல் தொடங்கியது. படியில் பாதி அரிசி நிறைவதற்குள் வாய் இருபதைத் தாண்டிவிட்டது. அரிசிக்கும் அந்தச் சொற்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வேறு எதையோ கேட்கக் காத்திருந்தாள்.

"அப்படி இல்ல பாப்பா. அப்பா அளப்பாரே, அது மாதிரி. லாபம்னு சொல்லு."

குழந்தை நிறுத்திவிட்டது. படியைக் கீழே வைத்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

"சொல்லு தங்கம். அம்மா ஒரே ஒரு தடவை கேக்குறேன். அவரு கொரலு எனக்கு மறந்துகினே போவுது."

"மாட்டேன்" என்றது குழந்தை. "நீ அடிப்ப."

அந்த அம்மா கீழே இருந்த படியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மீதி அரிசியை எண்ணாமலே முறத்தில் கொட்டினேன்.